நழுவல்

ஆஸ்திரேலியாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒரு கூட்டம் வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொரு வீட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்டத்தைச் சுற்றக் கிளம்பிவிடுகிறது. முன்னால் பெரும்பாலும் ஒரு லேண்ட்க்ரூஸர் அல்லது பிராடோ: டீசல், நான்கு சக்கர இழுவை, ஆட்டோமேட்டிக் கியர். பின்னால் இரண்டரை மூன்று டன் கேரவன். மாலையில் கேரவன் பூங்காவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரே இடத்துக்கு வரும். மேட்டில் இழுவை போதவில்லை, என்ன செய்யலாம்?

கிடைக்கும் யோசனைகள் எல்லாம் கூட்டல் கணக்குதான். எஞ்சினின் முறுக்குவிசையைக் கூட்டும் சிப் போடு. பெரிய இன்டர்கூலர் போடு. எக்ஸாஸ்ட் குழாயை அகலமாக்கு. எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. 200 வரிசை லேண்ட்க்ரூஸரின் 4.5 லிட்டர் வி8 டீசல், நிமிடத்துக்கு 1600 சுழற்சியிலேயே 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 2021-இல் வந்த 300 வரிசையின் 3.3 லிட்டர் வி6 தருவது 700. இவ்வளவு இருந்தும் போதவில்லை என்றால், இருப்பது எங்கே போகிறது என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

*

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினும் சக்கரமும் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. இடையில் இருப்பது எண்ணெய். டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டைப் பெட்டிக்குள், எஞ்சினோடு சுற்றும் ஒரு தகட்டுச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரே உள்ள சக்கரம் அந்த வீச்சை வாங்கிச் சுற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று. திரும்பி வரும் எண்ணெயின் போக்கை அது மடக்கி, வேலைக்கு உதவும் பக்கமாக அனுப்புகிறது. அதனால்தான் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் காரைப் பற்றி நினைத்தவரே இல்லை. ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கவலை கப்பல். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு மரியாதை. ப்ரொபெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீர் அதற்கு இடம் கொடுக்கும். இந்த இரண்டு சுபாவங்களுக்கும் நடுவில் எண்ணெயையோ தண்ணீரையோ நிறுத்தினால் சமாதானம் ஆகிவிடும் என்று கண்டார்.

சமாதானத்துக்கு விலை உண்டு. எதிர்ச் சக்கரம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே சுற்றும். அந்த நழுவல் வண்டி கிளம்பும்போது வரம். வேகம் எடுத்த பிறகு முறுக்குவிசையை அது கூட்டுவதில்லை, தின்ன மட்டும் செய்கிறது. தின்பதெல்லாம் சூடாக எண்ணெயில் இறங்குகிறது.

*

உதாரணத்துக்கு, குவீன்ஸ்லாந்தில் டூவும்பா மலை ஏற்றம். பழைய வாரெகோ நெடுஞ்சாலை ஏற்றத்தில் லாரிகள் தவழ்ந்து போகும். 2019 செப்டம்பரில் சுங்கக் கட்டணத்தோடு புறவழிச் சாலை திறந்த பிறகு சரிவு கொஞ்சம் தணிந்தது. அங்கேயும் நூறு மீட்டருக்கு ஆறு, ஆறரை மீட்டர் ஏற வேண்டும். வண்டியும் கேரவனும் ஆட்களும் சேர்ந்து 6 டன் என்று வைத்துக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். புவியீர்ப்பை வெல்ல மட்டும் 85 கிலோவாட். காற்றும் டயர் உருளலும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டிவிடுகிறது. கன்வெர்ட்டர் நூற்றுக்குப் பத்து நழுவினால் 12 கிலோவாட் எண்ணெய்க்குள் போகிறது. ஆறு மின்கெட்டில்களை அந்த எண்ணெயில் அமிழ்த்தி ஒன்றாக ஸ்விட்ச் போட்டதற்குச் சமம், மலை முடியும்வரை.

கியர் எண்ணெய் 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் அதன் ஆயுள் வேகமாகக் கரைகிறது. அதோடு சீல்களும் கிளட்ச் தகடுகளும். வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் நீரின் சூட்டைக் காட்ட டேஷ்போர்டில் முள் வைத்தவர்கள் கியர் எண்ணெய்க்குப் பல வண்டிகளில் எதையும் வைக்கவில்லை. வண்டியின் பழுது கண்டறியும் துளையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் போட்டால் எண் தெரியும். என்னைக் கேட்டால் இழுவைக்காகச் செலவழிக்கும் முதல் பணம் இதுவாக இருக்க வேண்டும். இரண்டாவது, ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தும் தனி எண்ணெய்க் கூலர். கூலர் ஒரு குதிரைசக்தியையும் கூட்டுவதில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. உண்மைதான்.

*

நழுவலை நிறுத்தும் வழியும் பழையதுதான். 1949-இல் பேக்கார்ட் நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக் கியரில் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் வைத்தது. வேகம் எடுத்ததும் அது பூட்டிக்கொள்ளும். அப்போது எண்ணெய் ஒதுங்கிவிடும். எஞ்சினும் கியரும் ஒரே தண்டாகச் சுற்றும். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். லாக்-அப் என்பது இதுதான்.

எப்போது பூட்டுவது, எப்போது விடுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வெறும் வண்டியின் சொகுசை மனத்தில் வைத்திருந்தார்கள். பழைய நான்கு, ஐந்து கியர் பெட்டிகள் மேல் கியர்களில்தான் பூட்டும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் விட்டுவிடும். கேரவனோடு மேட்டில் போகும்போது பூட்டுவதும் விடுவதுமாக அல்லாடும். ஆஸ்திரேலியப் பட்டறைகளில் விற்கும் லாக்-அப் கிட் அந்தத் தீர்மானத்தை ஓட்டுநரின் விரலுக்குக் கொண்டுவருகிறது. ஸ்விட்சைத் தட்டினால் பூட்டு நிற்கும். சுழற்சி நூற்றுக்கணக்கில் சட்டென்று குறையும். சூட்டு எண் இறங்கத் தொடங்கும்.

ஆனால் செங்குத்தான ஏற்றத்தில், வேகம் விழுந்துவிட்ட நிலையில், கன்வெர்ட்டர் தன் நழுவலாலேயே முறுக்குவிசையைக் கூட்டித் தந்துகொண்டிருக்கும். அங்கே போய்ப் பூட்டினால் எஞ்சின் திணறும். பூட்டை விடாமல் வண்டியை நிறுத்தினால் எஞ்சின் அணைந்தே போகும். கியரை ஒன்று இறக்கி, சுழற்சி 2000-க்கு மேல் வந்த பிறகு பூட்டுவதுதான் முறை. ஆட்டோமேட்டிக் வாங்கியவருக்குத் திரும்பவும் காதும் காலும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

*

சிப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினின் முறுக்குவிசையைக் கூட்டிவிடலாம். அதைத் தாங்க வேண்டிய லாக்-அப் கிளட்ச்சின் உராய்வுத் தகடு பழைய அளவேதான். அது வழுக்கத் தொடங்கினால், எந்த நழுவலைப் போக்க நினைத்தோமோ அதே நழுவல் இன்னும் மோசமான இடத்துக்குக் குடிபோகிறது. சிப்பை விற்பவர்கள் இதைக் கடைசியில் சொல்வார்கள், கேட்டால்.

*

இனி எடை. வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் டோபால் மேல் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு உட்கார வேண்டும் என்பார்கள். மூன்று டன்னுக்கு 300 கிலோ. ஆனால் அது உட்காருவது பின் அச்சுக்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி. 2.85 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியில், 1.2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் முன் அச்சில் சுமார் 125 கிலோ குறைந்து, பின் அச்சில் 425 கூடுகிறது. ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு மலை ஏறு என்பது இன்னொரு அறிவுரை. 190 லிட்டர் தண்ணீரை 400 மீட்டர் உயர்த்த ஆகும் டீசல் 60 மில்லிதான். எடைமேடையில் வரம்பை மீறாமல் இருக்கக் காலி செய்யலாம், எரிபொருளுக்காக வேண்டாம். எரிபொருளுக்கு வேகத்தைக் குறைப்பதே போதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 100-லிருந்து 90-க்கு வந்தாலே அது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நல்லர்பார் சமவெளியில் எதிர்காற்றோடு ஓட்டியவருக்கு மலையே இல்லாத இடத்தில் மலை இருப்பது தெரியும்.

*

6 டன்னை அதே 400 மீட்டர் மேலே கொண்டுபோக எஞ்சினுக்குச் சுமார் 2 லிட்டர் டீசல் போதும். இவ்வளவு பேச்சும் பணமும் அந்த 2 லிட்டரைச் சுற்றித்தான். இறங்கும்போது நிலைமை வேறு. ஏற்றி வைத்த 23 மெகாஜூலும் எங்காவது சூடாகத்தான் போயாக வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால், காற்றும் டயர் உருளலும் தின்றது போக மீதியெல்லாம் பிரேக் தட்டுகளில். பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைத்துப் பிடிக்கும் வழக்கம் டீசலுக்கு இல்லாததால், அதன் எஞ்சின் பிரேக் சுபாவத்திலேயே பலவீனம். போதாக்குறைக்கு, காலை எடுத்ததும் பழைய ஆட்டோமேட்டிக்குகள் லாக்-அப்பை விட்டுவிடும்; வண்டி எஞ்சினை விட்டுக் கழன்றதுபோல ஓடும். ஏறுவதற்கென்று வாங்கிய ஸ்விட்ச் தன் விலைக்கு உண்மையில் வேலை செய்வது இங்கேதான். கீழ் கியரில் பூட்டி இறங்கினால் காலுக்கு வேலை குறைகிறது.

சரிவு தொடங்குமுன் லாரிகளும் பேருந்துகளும் கீழ் கியரில்தான் இறங்க வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதில் கேரவன் என்ற பெயர் இல்லை. நான் அந்தப் பலகைக்கு முன்பே மூன்றாவது கியருக்கு இறக்கி, பூட்டிவிடுகிறேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.