கல்மேல் எழுத்தும் அடியார் நெஞ்சும்

கல்மேல் எழுத்து அழியாது என்பர் பெரியோர். ஆனால் அழியாதது எல்லாம் உண்மையாகிவிடுமா? மெய்யடியார்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய வினா இது.

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை தொடங்கும் இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுக வேலைகள் நடந்த காலத்தில், ஒரு பெரும்பாறை கண்டெடுக்கப்பட்டது. போர்த்துக்கல் மன்னரின் அரச சின்னமும் சிலுவையும் அதில் செதுக்கப்பட்டிருந்தன. பின்னர் அது கோர்டன் பூங்காவில் வைத்துப் பேணப்பட்டது. தாம் இறங்கிய கரைகளில் இவ்வாறு சின்னம் பொறிப்பது போர்த்துக்கேயரின் வழக்கம். பாறையிலுள்ள ஆண்டு 1501 என்று வாசிக்கப்பட்டது. ஆனால் லோரன்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள் இங்கு வந்ததோ 1505இல்; 1506 என்பாரும் உளர். வராத ஆண்டில் வந்ததாகக் கல் சொல்கிறது! பிழை செதுக்கியவனுடையதா, தேய்ந்த எழுத்தை வாசித்தவர்களுடையதா என்று அறிஞர் பலகாலம் வாதிட்டனர்.

கல் அப்படியிருக்க, மக்கள் வாய்மொழி வேறொன்றைக் காத்தது. வெள்ளை நிறத்தவர் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று கோட்டை அரசனுக்குச் செய்தி போனதாக இராசாவலிய என்னும் சிங்கள நூல் கூறும். அவர்கள் உண்டது ரொட்டி, குடித்தது திராட்சை மது. அருகிலிருந்த கோட்டை நகருக்கு அவர்களைச் சுற்றுவழியாக அழைத்துச் சென்ற கதை, "பறங்கி கோட்டைக்குப் போனது போல" என்று சிங்களத்தில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. செய்தி பிழையானாலும் அந்த அச்சம் பொய்யன்று. 1656இல் ஒல்லாந்தரிடம் கொழும்பை இழந்து பறங்கியர் போயினர். சின்னம் மட்டும் பாறையில் தங்கிற்று.

அந்நியர் கல்லை இப்படி ஐயுறுவது எளிது. தம் கல் என்று வரும்போதுதான் அடியார்க்குச் சோதனை. திருகோணமலைக் கோட்டை வாயிலில் இணைக்கயலும் தமிழ்ச் சாசனமும் பொறித்த கல் உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்று முன்பே உரைத்த தீர்க்கதரிசனம் அது என்பது வழிவழி நம்பிக்கை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களால் கோட்டை கட்டியது வரலாறு. சாசனமோ குளக்கோட்டன் காலத்துக்கு மிகவும் பிற்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து.

இதைக் கேட்டவுடன் சிலர் மனம் வருந்துவர், சிலர் சினப்பர். வருத்தம் இயல்பே. ஆயினும் கொழும்புப் பாறையின் ஆண்டை எந்தத் தராசில் நிறுத்தோமோ, அதே தராசைத் திருகோணமலைக் கல்லுக்கு மறுப்பது சைவ நீதி ஆகாது. ஆலயம் இடிபட்டதற்குக் கோட்டைச் சுவரிலுள்ள கற்களே சான்று. தீர்க்கதரிசனத்தின் காலம் பிந்தியதாயின் அந்தத் துயரம் ஒரு குன்றிமணியளவும் குறையாது. இழந்தவர்கள், "எம்பெருமான் இதை முன்பே அறிந்திருந்தான்" என்று சொல்லித்தான் ஆறுதல் பெற முடிந்தது. அந்தத் தேவையைப் புரிந்துகொள்வது ஒன்று, அதை ஆண்டுக் கணக்காக்கி வாதாடுவது இன்னொன்று. (ஆலயங்களில் உபயகாரர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கும்போது எழும் சச்சரவுகளை அறிந்தவர்க்குக் கல்லெழுத்தின்மேல் மனிதனுக்குள்ள ஆசை புதிதன்று.)

1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது, மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. எந்தச் சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் அடியார்கள் கைகூப்பினர். 1963இல் கோணேசர்மலையில் கும்பாபிஷேகம் நிறைவேறியது.