வினை என்று யார் சொல்வது?

குடல் அழற்சி நோய்களில் முதன்மையானவை இரண்டு: குரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைடிஸ். முன்னது வாய் முதல் ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்த இடத்தையும் பற்றும். பின்னது பெருங்குடலோடு நின்றுகொள்ளும். இரண்டும் பெரும்பாலும் இளமையில் தலைகாட்டுபவை. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி, எடை குறைதல், வளர்ச்சி தடைபடுதல் என்று அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரும். அடங்கியதுபோல இருந்து மீண்டும் கிளம்பும். மருந்தால் அடக்கலாம், அறுவை செய்து சில ஆண்டுகளை மீட்கலாம். குரோன் நோயை அடியோடு நீக்கும் மருத்துவம் இன்னும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரியவரும் நாளில், ஒரு குடும்பம் ஆயுள் முழுவதற்குமான ஒரு செய்தியைக் கேட்கிறது. அன்றிரவே எழும் கேள்வி மருத்துவக் கேள்வி அல்ல: ஏன் இந்தப் பிள்ளைக்கு?

மருத்துவம் இதற்கு வைத்திருக்கும் விடை நேர்மையானது. ஆனால் மனத்தை ஆற்றாதது. நியூயார்க்கைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932இல் இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார்கள். அதனோடு தொடர்புள்ள முதல் மரபணுவான நாட்2 கண்டறியப்பட்டது 2001இல். மரபு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல், உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையாகக் கொள்ளும் பிழை ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் நோய். தனியே எதையும் காரணம் என்று சுட்ட முடியாது. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் கொலனோஸ்கோபியில் ஒன்றுபோலவே தோன்றுவதால், சில பிள்ளைகளுக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்த பிறகே நோயின் பெயர் உறுதியாகிறது. அந்த மாதங்களில் வீட்டில் பெயரே இல்லாத ஒரு நோய் குடியிருக்கும்.

மருத்துவர் காலியாக விட்ட இடத்தில் உறவினர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். “கண்டதையும் வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டீங்க” என்பார் ஒருவர். “யார் கண்ணு பட்டுச்சோ” என்பார் இன்னொருவர். “சாமி குத்தமா இருக்கும், குலதெய்வம் கோயிலுக்குப் போய் எத்தனை வருசம் ஆச்சு?” என்ற விசாரணை நடக்கும். கடைசியில், குரல் தாழ்த்தி, “போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சுதோ.” இவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். காரணம் இல்லாத துன்பத்தைத் தாங்குவதைவிடக் காரணம் உள்ள துன்பத்தைத் தாங்குவது எளிது என்பதால், ஏதேனும் ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் கொண்டுவந்த காரணங்கள் அத்தனையும் யாரோ ஒருவர் மேல் பழியாக இறங்குகின்றன. பெரும்பாலும் அந்த ஒருவர் தாய்.

இவற்றில் தத்துவ எடை கொண்டது கடைசிக் கூற்றுதான். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்த உடம்புக்கென முகந்து வந்தது பிராரத்தம். இப்போது செய்வதால் ஏறுவது ஆகாமியம். குழந்தை படும் நோயைப் பிராரத்தம் என்பது இந்தக் கோட்பாட்டின்படி பிழையல்ல. ஆனால் எந்தச் செயலின் பயன் எந்த வலி என்று கணக்குப் பார்க்கும் உரிமையை அது எந்த மனிதருக்கும் கொடுக்கவில்லை. வினையை அளந்து உயிருக்கு ஊட்டுபவன் இறைவன். அதே கோட்பாட்டில், நோயாளியின் பிராரத்தத்தைப் பற்றி வாயைத் திறப்பதும் பேசுபவரின் ஆகாமியத்தில் ஏறும் ஒரு செயலே. திண்ணையில் வினை பேசுவோர் இந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பௌத்தம் இன்னும் வெளிப்படையாக மறுக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற பரிவிராசகன் புத்தரிடம் கேட்கிறான்: மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், உடலைப் பேணுவதில் தவறு, பிறர் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாமே வினை என்பவர்கள் தாமே அறியக்கூடியதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் போகிறார்கள் என்று முடிக்கிறார். குடல் நோயை முதலில் உடலுக்குள்ளேயே தேடச் சொல்லும் இந்த விடை, குழந்தையின் தலைமாட்டில் நிற்கும் மருத்துவரோடு எந்த முரணும் இல்லாதது.

தமிழ் மரபில் இந்தக் கேள்வி நேரடியாக ஒரு குடும்பத்துக்குள் எழுந்த இடம் திருநாவுக்கரசர் வரலாறு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தம் புராணத்தில் சொல்லும் கதை இது. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும், பின்னாளில் திருநாவுக்கரசர் ஆன மருணீக்கியாரும். பெற்றோர் இறந்தார்கள், திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். உயிர்விடத் துணிந்த அக்காளை, தாம் தனித்துப் போவதாகச் சொல்லித் தம்பி தடுத்தார். அவருக்காகவே அக்காள் உயிர் தாங்கினார். தம்பி பின்னர் சமணத்தில் சேர்ந்து பாடலிபுத்திரத்தில், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றார். அங்கேதான் அவருக்குச் சூலை நோய் வந்தது. அந்தச் சூலை இன்றைய மருத்துவத்தில் எது என்று தேடுவது வீண் வேலை. பல வகை வயிற்றுவலிக்கு அது பொதுப்பெயர். உடன் இருந்தவர்கள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி குறையவில்லை. சமைத்துத் தரும் ஆளை அக்காளிடம் அனுப்பினார். அவரோ, அங்கே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோயாளியே இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அவர் காலில் விழுந்தார்.

இந்தக் கதை மென்மையானது அல்ல. திலகவதியார் தம்பிக்காக வேண்டிக்கொண்டதற்கு விடையாகவே சூலை வருகிறது. கேட்டு வாங்கிய நோய் என்றே சொல்லலாம். கூப்பிட்டும் அவர் போகவில்லை. இன்றைய குடும்பம் எதுவும் இதை அப்படியே பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. ஆனால் கதையில் யார் எதை எந்த நிலையில் சொல்கிறார்கள் என்று கவனித்தால், வினை பற்றிய பேச்சுக்கு ஓர் இலக்கணம் கிடைக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பழைய மூன்று இடங்கள்தாம் அந்த இலக்கணம்.

தன்மையில் பேசுபவர் நோயாளி. திருவதிகையில் நோய் தீர வேண்டி அவர் பாடிய 7ஆம் நூற்றாண்டின் அதிகைப் பதிகத்தில், வலி வயிற்றுக்குள் குடலோடு பின்னி முடக்குவதை அவரே சொல்கிறார்; கொடுமைகள் செய்ததாகத் தமக்குத் தெரியவில்லை என்றும் சொல்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலும் ஒப்புக்கொள்ளாத குரலும் ஒரே பாட்டில் சேர்ந்து ஒலிக்கின்றன. முன்னிலையில் பேசுபவர் அக்காள். வேற்றுச் சமயக் குழியில் அறியாமல் விழுந்து துயருற்றதாகத் தம்பியின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதே மூச்சில் எழுந்திருக்கச் சொல்கிறார், திருநீறு தருகிறார். விடியுமுன் துடைப்பம், சாணம், தோண்டி என்று தம் அன்றாடக் கோயில் பணிக்கான பொருள்களோடு புறப்படும்போது அவரையும் உடன் அழைத்துப்போகிறார். படர்க்கையில் பேசுவது ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதும் புராணம்: முற்பிறப்பில் முனிவராய்ச் செய்த தவத்தில் நேர்ந்த சிறு வழுவே சூலைக்குக் காரணம் என்கிறது. அந்த முற்பிறப்பில் பெரும்பாவம் எதுவும் இல்லை, இருப்பது தவம். நோய் நீங்கி, நாயன்மார் ஆகி, பதிகங்கள் எல்லாம் பாடி முடிந்த பிறகு சொல்லப்பட்ட காரணம் அது. வலியின் நடுவே சொல்லியிருந்தால் அது ஆறுதல் ஆகியிருக்காது.

நோயே அருள் என்ற கருத்துக்கும் இதே எல்லை உண்டு. சூலையைக் கொடுத்துத் தன்னை ஆட்கொண்டான் என்று நாவுக்கரசர் சொல்லலாம். மூக்குவழிக் குழாயோடு கிடக்கும் பிள்ளையிடம் அத்தை வந்து அதைச் சொல்ல முடியாது. யூத மரபின் யோபு நூலிலும் இதுவே நடக்கிறது. நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் துன்பத்தில் கிடந்த யோபுவோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை தவறு செய்யவில்லை. பேசத் தொடங்கிய பிறகே கடவுளின் சினத்துக்கு ஆளானார்கள். யோவான் நற்செய்தியில், பிறவிக் குருடன் பார்வையற்றுப் பிறந்தது யார் செய்த பாவத்தால், அவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்க, இயேசு இரண்டையும் மறுக்கிறார்.

காரணம் தேடுவதை நிறுத்தினால் குடும்பத்துக்கு மிஞ்சுவது பணிவிடை. சமய நூல்கள் இதைக் குறைவாக மதிக்கவில்லை. விநய பிடகத்தில் வரும் நோயாளியும் குடல் நோயாளிதான். பேதியால் தன் மலத்திலேயே கிடக்கிறார் ஒரு பிக்கு. புத்தர் அவரிடம் கேட்பவை: என்ன நோய், பார்த்துக்கொள்ள யாரேனும் உண்டா, ஏன் மற்றவர்கள் பார்க்கவில்லை? இந்த ‘ஏன்’ நோயாளியை நோக்கியது அல்ல, சங்கத்தை நோக்கியது. ஆனந்தர் நீர் கொண்டுவர, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவரும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். தாயும் தந்தையும் உடனில்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டு, நல்ல பணிவிடையாளரின் தகுதிகளையும் வகுக்கிறார். மருந்தைப் பக்குவப்படுத்தத் தெரிதல், ஒத்துக்கொள்வது எது ஒத்துக்கொள்ளாதது எது என்று அறிதல், ஆதாயம் கருதாமை, மலமூத்திரம் அகற்ற அருவருக்காமை, நல்ல பேச்சால் நோயாளியைத் தேற்றுதல். புராணத்தில் நோயை ஆற்ற முடியாதவர்களாக வரும் சமணரின் நூல்களும் நோயுற்ற துறவிக்குச் செய்யும் தொண்டை, வையாவிருத்தியம் என்ற பெயரில், அகத்தவங்களில் ஒன்றாக எண்ணுகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் ஒன்றாக, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுக்கு நிகராக, உடனிருந்து பார்ப்பவரை வைக்கிறது.

இந்தத் தகுதிகள் குரோன் நோய் உள்ள வீட்டில் அன்றாட வேலைகளாக மாறுகின்றன. குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாக ஆறு முதல் எட்டு வாரம் சத்து நீருணவு மட்டுமே கொடுக்கும் முறை உண்டு. அந்த வாரங்களில் பொங்கல் வந்தால் வீட்டில் மற்றவர்கள் என்ன சாப்பிடுவது, எங்கே சாப்பிடுவது? ஸ்டீராய்டால் முகம் உப்பிய பெண்ணைக் கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போவதா? பள்ளிக்கூடத்தில் நினைத்த நேரத்தில் கழிப்பறைக்கு அனுப்புவார்களா? நேர்த்திக்கடனும் இங்கேதான் சிக்கலாகிறது. மொட்டை போடுவதாகவோ நடந்து வருவதாகவோ தாய் வேண்டிக்கொண்டால் அது தாயின் கடன். பிள்ளை விரதம் இருக்கும் என்று தாய் வேண்டிக்கொள்வது, எடை ஏற வேண்டிய உடம்பின் மேல் இன்னொருவர் எழுதிய கடன் பத்திரம். வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்திய பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப்போகலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தொழுநோயால் அங்கம் அழுகியவரும் சிவனுக்கு அன்பரானால் தாம் வணங்கும் கடவுள் அவரே என்று பாடியவரும் நாவுக்கரசர்தான். சைவக் குடும்பம் அந்தத் தயக்கத்தை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையே ஒருநாள் கேட்கும்: “நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?” இது தன்மையில் கேட்கப்படும் கேள்வி. “நீ ஒண்ணும் செய்யல” என்பது மருத்துவப்படி உண்மை. சித்தாந்தியும் இதைச் சொல்லத் தடையில்லை. முற்பிறப்புக் கணக்கு அவர் கையில் இல்லை, இந்தப் பிறப்பில் அந்தப் பிள்ளை செய்த தப்பால் வந்த நோய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை தன் நோயை வினை என்றோ, அருள் என்றோ, எதிர்ப்பாற்றலின் பிழை என்று மட்டுமோ சொல்லிக்கொள்ளலாம். அதிகைப் பதிகத்தைப்போல இரண்டு குரலிலும் சொல்லலாம், எதுவும் சொல்லாமலும் இருக்கலாம்.