இரண்டு பூக்கள் உரசினால் போதாது

நசரத்பேட்டை நிறுத்தத்தில் பூந்தமல்லி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். கூட்டாளிகள் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அவனும் சிரித்து வைக்கிறான். மனசு என்னவோ பக்கத்தில் நிற்கும் நண்பனிடம். இதற்கு அவன் அறிந்த ஒரே சொல், வகுப்பில் வசவாக வரும் சொல். தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அரசிதழை எந்தப் பையன் படிக்கிறான்? அவன் கையில் இருப்பது போன். ஆபாசப் படம் அதில் நொடியில் வரும்; அவனைப் போன்றவன் நாயகனாக வரும் தமிழ்க் கதை வராது.

அவனுக்காக ஒருவர் எழுத உட்கார்ந்தால், காமத்தைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

எதுவுமே வேண்டாம், வயசு வந்தபின் தெரிந்துகொள்ளட்டும் என்பார்கள் பெற்றோர். பிள்ளையைப் பற்றிய பயம் பொய்யல்ல. அதைப் பழமை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஆனால் ஆண்-பெண் காதலுக்கு இந்த விதியை நாம் வைத்ததே இல்லை. 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல் வந்தது, 'துள்ளுவதோ இளமை' 2002-இல். விடலைக் காதலுக்குப் பாட்டுப் போட்டே வளர்ந்த ஊர் இது.

மௌனமும் ஏதோ ஒன்றைக் கற்பிக்கத்தான் செய்கிறது. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) பெரிய நாவல், தமிழில் துணிச்சலானதும்கூட. அதில் சிறுவன் கணேசன் பெரியவர்களின் இச்சைக்குப் பயன்படுகிறான். பெரியவர்களுக்காக எழுதிய புத்தகம் அது. விடலைப் பையனுக்குக் கிடைக்கும் ஒரே கண்ணாடி அதுவானால், தன் ஈர்ப்பும் அந்தச் சுரண்டலும் ஒன்றே என்று நினைத்துவிடுவான்.

தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்து கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை, 'ஃபன்னி பாய்' (1994) எழுதிப் பெயர் பெற்றபின், 2005-இல் இளையோருக்கென்றே 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ' எழுதினார். 1980-இன் இலங்கை, பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன். காதல் முதலில் பொறாமையாகத்தான் வெளிப்படுகிறது. பள்ளி நாடகத்தில் 'ஒத்தெல்லோ' ஒத்திகை நடக்கிறது, அம்ரித்துக்கு அது தன் கதையாகவே இருக்கிறது. நாவல் அவனைக் குணப்படுத்தவும் இல்லை, கொல்லவும் இல்லை.

ஓர் எல்லை ஐயமில்லாதது. வயதுவந்த இருவரின் சம்மத உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு விடுவித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்க 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், சிறுவனின் உடலை வாசகன் கண்ணுக்கு விருந்தாக்கும் வரியைக் கலை என்ற பெயரில் எழுதுவது துரோகம்.

அதற்காக நம் சினிமாவின் பழைய உத்தியைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு பூக்கள் உரசும், கேமரா வேறு பக்கம் திரும்பும். ஆண்-பெண் கதையில் மிச்சத்தை ஊரும் உறவும் கல்யாண வீட்டுக் கேலியும் நிரப்பிவிடும். இந்தப் பையனுக்கு நிரப்புவது போன் மட்டுமே. செயலை அவனுக்கு வருணிக்கத் தேவையில்லை. ஆனால் கை நடுங்கியது, ஒருவன் "வேண்டாம்டா" என்றது, மற்றவன் முகம் சுளிக்காமல் தள்ளி உட்கார்ந்தது, செயலியில் பழகிய முப்பது வயதுக்காரர் தனியாக வரச் சொன்னபோது போகாமல் இருந்தது: இவற்றைப் பூவுக்குப் பின்னால் ஒளிக்காமல் எழுதியாக வேண்டும்.