போதனாமொழியும் நீதியும்

ஒரு நாட்டின் பாடசாலை ஒரு மொழியிலும் பல்கலைக்கழகம் பிறிதொரு மொழியிலும் போதிக்குமாயின், இடைப்பட்ட பள்ளத்தைத் தாண்டும் பொறுப்பு யாரைச் சாரும்? மொறொக்கோவின் அனுபவம் இவ்வினாவை எழுப்புகின்றது. 1956இல் சுதந்திரமடைந்த அந்நாடு பாடசாலைக் கல்வியைப் படிப்படியாக அரபுமயமாக்கிற்று. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அரபிலேயே கற்ற முதல் அணியினர் 1990இல் பாடசாலை இறுதிப் பரீட்சை எழுதினர். ஆயின் விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களிற் பிரெஞ்சே நிலைத்திருந்தது. வகையீட்டையும் தொகையீட்டையும் அரபுப் பெயர்களால் நன்கறிந்த மாணவன், விரிவுரை மண்டபத்தில் அவற்றை அறியாதவன் போல் அமர்ந்திருக்க நேர்ந்தது. பலர் அரபில் நடாத்தப்பட்ட கலை, சட்டத் துறைகளை நாடினர். தனியார் நிறுவனங்களோ பிரெஞ்சறிவையே வேண்டின. ரபாத்திற் பாராளுமன்றத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் ஆண்டுக்கணக்காகக் கூடி நின்றமைக்கு மொழியொன்றே காரணமன்று; எனினும் அதுவும் ஒரு காரணம். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கு அனுப்பினர். அரபுமயமாக்கத்தை மேடையில் ஆதரித்த சிலரும் இதற்கு விலக்கல்லர்!

அரபு உயர்கல்விக்குப் போதாது என்பார் டமாஸ்கஸ் மருத்துவபீடத்தை நோக்குதல் வேண்டும். 1919 முதல் அங்கு அரபே போதனாமொழி. அதன் பட்டதாரி வெளிநாட்டிற் பயிலச் செல்லுங்கால் ஆங்கிலத்தோடு போராட நேரிடலாம். ஆயின் பாடசாலையிற் பெற்ற மொழி அவனைப் பட்டம்வரை கைவிடுவதில்லை.

மொறொக்கோவில் 2019இல் இயற்றப்பட்ட சட்டம் பாடசாலைகளில் விஞ்ஞான பாடங்களைப் பிறமொழியிற் போதிக்க வழிவகுத்தது. பள்ளம் தூர்ந்துவிட்டதா? வீட்டிற் பிரெஞ்சு பேசப்படாத பிள்ளை, முன்னோர் பல்கலைக்கழக வாயிலில் எதிர்கொண்டதை இளவயதிலேயே வகுப்பறையில் எதிர்கொள்கின்றது.