மின்கலமும் படைப்பும்

ஓர் அலகு மின்னூட்டத்தை நகர்த்த மின்கலம் செய்யும் வேலையே வோல்ட் என்னும் அளவால் குறிக்கப்படுவதால், 12 வோல்ட் மின்கல அடுக்கு 5 கூலூம் மின்னூட்டத்தை நகர்த்துகையில் செய்யும் வேலை, அவ்விரண்டின் பெருக்கற்பலனாகிய 60 ஜூல் ஆகும். அந்த 60 ஜூல் எங்கிருந்து வந்தது என்னும் வினா இயற்பியலோடு நில்லாமல் மெய்யியலுக்கும் உரியதாகிறது. 1800-இல் முதல் மின்கல அடுக்கை அறிவித்த வோல்டா, இருவேறு உலோகங்களின் தொடுகையே மின்னோட்டத்தை இயக்குகிறது எனக் கருதினார். எதுவும் செலவாகாமல் வேலை நிகழுமாயின், அது இன்மையிலிருந்து ஆற்றலைப் படைப்பதாகும் என்று 1840-இல் அறிவியலாளர் ஃபாரடே மறுத்தார். சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறித்தவச் சபையைச் சேர்ந்த அவருக்கு, ஆற்றலை ஆக்கவும் அழிக்கவும் வல்லவர் இறைவன் ஒருவரே. அந்த நம்பிக்கை இங்கே ஆய்வைத் தடுக்கவில்லை, அதற்குத் துணையாகவே நின்றது. மின்கலத்தில் செலவாவது வேதியாற்றல். வோல்டாவின் அடுக்கிலுள்ள துத்தநாகம் கரைந்து தீர்ந்ததும் அடுக்கின் வேலையும் நின்றுவிடுகிறது.