பிள்ளையின் தலையில் யாருடைய சுமை?

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் செய்துகொள்ளும் உள்ளூர் காவல்துறைக்குக் குடியேற்ற அதிகாரிகளின் பணியையும் செய்ய இடமளிக்கிறது. அங்கே, ஆவணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒருவன் கொடுமை செய்தால் அது காவல் நிலையத்துக்குப் போகுமா? தந்தையை நாடு கடத்திவிடுவார்களோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்ளும். கொடுமை செய்தவனோ தப்பிவிடுவான்.

எல்லையைக் காப்பது அரசின் உரிமையல்லவா என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் ஒருவரின் பாவச்சுமை இன்னொருவர் மீது ஏறாது என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதி. பெற்றோர் செய்ததற்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 1982இல் தீர்ப்பளித்தது. 2018இல் எல்லையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோது அந்த நீதி எங்கே போனது?

சட்டம் பெரியவர்களிடம் கணக்குக் கேட்கட்டும். பிள்ளைக்கு முதலில் பாதுகாப்பு கிடைக்கட்டும். பலவீனர்களுக்கு அரணாக நிற்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.