பிறப்பும் உரிமையும்: கண்டி நாயக்கர் வரலாறு எழுப்பும் வினா

ஒருவன் ஒரு நாட்டுக்கு உரியவன் என்பதை எதனைக் கொண்டு துணிவது? குலத்தைக் கொண்டா, ஆற்றிய கடமையைக் கொண்டா? கண்டி இராச்சியத்தின் இறுதி அரசமரபு இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசிவழி மகவின்றி இறந்தான். சிங்களக் குலமகள்பால் அவனுக்குப் பிறந்த உனம்புவே பண்டாரன், தாய் அரசகுலத்தினள் அல்லள் என்பதால் விலக்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் உடன்பிறந்தானே ஸ்ரீ விஜய இராஜசிங்கனாக முடிசூடினான். மண்ணிற் பிறந்தவனைக் குலம் வென்றது. அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதையை மீட்டான். எனினும் 1760இல் அவனுக்கெதிராகச் சதி எழுந்தது. சதி செய்தோர் மாற்றாக நாடியதும் சீய இளவரசன் ஒருவனையே! 'அந்நியன்' என்னும் சொல் வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது உறையிலிடும் வாளாக இருந்தமை இதனாற் புலனாகும்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைக் கொடுமை காரணமாகப் பதவி நீக்கியது. அதன் அடுத்த வாசகம், அவனுடைய ஆண் உறவினர் அனைவரையும் அரசின் பகைவர் எனச் சாற்றியது. முன்னது செயலுக்கான தீர்ப்பு. குற்றம் மெய்யாயின் அது நீதி. பின்னது பிறப்புக்கான தீர்ப்பு. பால்மணம் மாறாத ஆண்மகவும் அதன்படி பகைவனே.

றொசல்லயை உள்ளிட்ட மலைநாடு அவ்விராச்சியத்துள் அடங்கியிருந்தது. அதே மலைகளிற் காடழித்துத் தேயிலை நட்டோரின் வழியினரிடம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றிப் பாட்டன் பூட்டன் இருவருமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அரசரின் மரபை நூல்கள் எழுதிவைத்தன. தொழிலாளியின் பாட்டனுடைய பிறப்பை எழுதிவைத்தார் யார்? எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இடையிற் கழிந்தவை 55 ஆண்டுகள்.

எவ்வரசுக்கும் தன் குடிகளை வரையறுக்க ஒரு விதி வேண்டுமன்றோ, பிறப்பு அதற்கு எளிய அடையாளமன்றோ எனின், உண்மையே. ஆயின் அடையாளம் வேறு, நியாயம் வேறு. ஒருவன் தேர்ந்துகொள்ளாத பிறப்பு அவனுக்குப் புகழுமாகாது, குற்றமுமாகாது. அவன் பொறுப்பேற்கக் கூடியன அவன் வாழ்வும் உழைப்புமே. உரிமையை அவற்றால் அளக்க மறுக்கும் சட்டம், 1815இன் அவ்வாசகத்தையே மீண்டும் எழுதுகின்றது.